பாய்க்குள் மடித்த வத்தல் பொடி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் பலசரக்குச் சீட்டும், மகளுக்கு இரண்டு மூன்று கடுதாசியும்தான். அந்த மகள் இப்போது தூத்துக்குடியில் டீச்சராக இருக்கிறாள். அங்கே யாரோ ஒரு பழைய பாய்க்கப்பலின் வரலாற்றைச் சேகரிக்கிறார்களாம். "தாத்தா அந்தக் கப்பல்லதானம்மா இருந்தாக, தெரிஞ்சத எழுதிக் குடுங்க" என்றாள். தெரிந்தது கொஞ்சம்தான். அதிலும் பாதி மறந்துவிட்டது. முன்னால் வரவேண்டியது பின்னால் வந்திருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கப்பலின் பூர்வீகம் அப்பா சொல்லிக் கேட்டதுதான். அது நம் பக்கத்துக் கப்பல் இல்லை. ரொம்பக் குளிரான ஏதோ ஒரு தேசத்தில், உப்பு மீனும் மரமும் ஏற்றுவதற்காகக் கட்டினார்களாம். இரண்டு பாய்மரம். நம்முடைய தோணி மாதிரி வயிறு பெருத்து இருக்காது. ஒல்லியாக, மூக்கு நீண்டு இருக்கும். துறைமுகத்தில் படித்தவர்கள் ஸ்கூனர் என்பார்கள். அப்பா சீமைத் தோணி என்பார். கை மாறிக் கை மாறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து தூத்துக்குடி வியாபாரி ஒருவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் பெயரும் மாறியது. பின்பக்கத்துப் பலகையில் ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயராக மூன்று பெயர் எழுதியிருந்ததாம். வெயிலில் பெயிண்ட் உரிந்தால் பழைய எழுத்து எட்டிப் பார்க்குமாம். "மூணு பேரு இருக்கு, எதச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது" என்று அப்பா சிரிப்பார்.

விருதுநகர் சந்தையில் இருந்து மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு எல்லாம் அந்தக் கப்பலில்தான் கொழும்புக்குப் போகும். வரும்போது கொப்பரை வரும். சில தடவை மலையாளக் கரைக்குப் போய் ஓடு ஏற்றி வரும். அப்பா விருதுநகர் வத்தல் கமிஷன் கடையின் ஆள். சரக்கோடு கப்பலிலேயே போய், மூட்டை நனையாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு வேலை. வத்தல் ஈரம் பட்டால் பூஞ்சை பூத்துப்போகும். வெயில் அடித்தால் அடித்தட்டின் மூடியைத் திறந்துவிட வேண்டும், மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்க்கணும் என்பார். அவருடைய பிள்ளை சிவகாசியில் இருந்தது.

அம்மா எனக்கு மூன்று வயதில் இறந்துபோனாள். அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி வீட்டில் என்னை விட்டுவிட்டு அப்பா கப்பலுக்குப் போனார். சித்தி கொடுமைக்காரி இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். அவளுக்கு நாலு பிள்ளைகள், நான் அஞ்சாவது தட்டு. சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது மட்டும் "இன்னொண்ணு எங்க?" என்று கேட்பாள். மற்ற நேரத்தில் யாரும் என்னை அடித்ததும் இல்லை, கூப்பிட்டதும் இல்லை. நானும் பேசாத பிள்ளை. மூலையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன்.

அப்பா வருஷத்துக்கு நாலைந்து தடவை வருவார். போகும்போது தலையில் கை வைத்து, "லோடு நின்னுட்டா வந்துருவேன் தாயி" என்பார். அதனால் அம்மன் கோயிலில் ஊரே நின்று ஆர்டர் வரவேண்டும், சீசன் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடும்போது, நான் ஒருத்திதான் லோடு நிற்க வேண்டும் என்று கும்பிட்டேன். வத்தல் வியாபாரம் படுத்துவிட வேண்டும் என்று கும்பிட்ட பிள்ளை விருதுநகர்ப் பக்கத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சித்தப்பாவுக்கு அச்சாபீஸில் படம் போடுகிற வேலை. தீப்பெட்டி லேபிளுக்குக் கிளி, யானை, ரோஜாப்பூ எல்லாம் கல்லில் வரைவார். ஒரு தடவை கப்பல் படம் கேட்டு ஆர்டர் வந்தது. சித்தப்பா கடலைப் பார்த்ததே கிடையாது. அப்பா எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து வரைந்துவிட்டார். அந்த லேபிள் எங்கள் வீட்டுக்கே ஒட்ட வந்தது. கிழங்கு மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், எலி தின்னாமல் இருக்க. விரல் நுனியெல்லாம் நீலமாக இருக்கும். அந்த நீல விரலால் அப்பாவின் கப்பலை நாள் முழுக்க ஒட்டுவேன். ஒட்டும்போது ஒவ்வொரு கப்பலிலும் அப்பா இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அத்தனை அப்பா.

அடுத்த தடவை வந்தபோது அப்பா ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சகலை, இதுல காத்து எங்கிட்டிருந்து அடிக்கி?"

"பின்னாடி இருந்து. பாய் முன்னால உப்பியிருக்குல்லா, தெரியலயா?" என்றார் சித்தப்பா.

"அப்ப கொடி ஏன் பின்னால பறக்கு? கொடிக்கு மட்டும் தனிக் காத்தா?"

சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "வண்டியில கொடி கட்டுனா பின்னாலதான பறக்கும்?"

"வண்டிய மாடு இழுக்கு. கப்பல காத்துல்லா தள்ளுது. பாய் எங்கிட்டோ கொடியும் அங்கிட்டுதான்."

"நீரு குச்சிய உரசிப் பாரும், பத்துதான்னு. கொடி எங்கிட்டுப் பறந்தா உமக்கென்ன?"

சித்தி அடுப்படியில் இருந்தே சிரித்தாள். "விடுங்கத்தான், அம்புட்டும் அச்சடிச்சு வந்துருச்சு. இனிமே நீக போயி கடல்லதான் காத்த மாத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது என்னவென்று புரியவில்லை.

நான் நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த லீவில் அப்பா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "லோடு நின்னுபோச்சு" என்றார். கொழும்பு வியாபாரம் முன்ன மாதிரி இல்லை, இருக்கிற சரக்கையும் என்ஜின் கப்பல் கொண்டுபோகிறது என்று என்னவெல்லாமோ சொன்னார். என் காதில் ஏறவில்லை. கொல்லைக்கு ஓடிப்போய் அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருந்தது.

"கடல் வேல படிக்கிற பையங்களுக்குப் பழகிக் குடுக்க ஒரு கமிட்டிக்காரங்க அந்தக் கப்பலக் கேக்காக. பாய் கட்ட, இறக்க, திசை பாக்க எல்லாம் அதுலயே படிப்பாங்களாம். என்னையச் சமையலுக்கும் ஸ்டோருக்கும் இருக்கச் சொல்லுதாக."

"லோடு நின்னா வந்துருவேன்னு சொன்னீகளேத்தான்?" என்றாள் சித்தி. எனக்காக அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

அப்பா என்னைப் பார்த்தார். "இது வேற மாதிரி" என்றார். எதையும் நேராகச் சொல்லிப் பழக்கம் இல்லாத மனுஷர். "பாப்பாவ ஒரு பத்து நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

சித்தி ஒரு தகர டப்பா நிறைய வத்தல் பொடி இடித்துக் கொடுத்தாள். அம்புட்டுப் பையன்களுக்கும் ஆக்கிப் போடணுமே, ஊர் வத்தல் போட்டால்தான் குழம்பு குழம்பாக இருக்கும் என்றாள். விருதுநகரில் ஏறி, மணியாச்சியில் வண்டி மாறி, தூத்துக்குடி போகும்வரை அந்த டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன்.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் நீலக் கதவு போட்ட வீடு. முன்பக்கம் ஒரு அம்மாள் இட்லிக் கடை வைத்திருந்தாள். பின்பக்கத்து இரண்டு அறையில் நாங்கள் தங்கினோம். அந்த அம்மாள் என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "இவதானா அண்ணாச்சி? எலும்பும் தோலுமால்லா இருக்கா. இருக்கட்டும், எங்கிட்டதான இருக்கப் போறா, தேத்திருவேன்." பத்து நாளில் எப்படித் தேற்றுவாள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

அப்பா அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். பள்ளிக்கூடத்து மணி இங்கே கேட்கும் என்றார். கிணறு பின்னாலேயே இருக்கிறது என்றார். "இந்த ஜன்னல்ல நின்னாக் கப்பலோட பாய்மரத்து உச்சி தெரியும், வந்து பாரு" என்றார். எனக்குக் கால் வலி. நான் டப்பாவின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அறை மூலையில் புதுசாக இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

"வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"தண்ணி உப்புக் கரிக்கி" என்றேன்.

"நல்ல தண்ணி வண்டியில வரும்" என்று அவசரமாகச் சொன்னார்.

மறுநாள் கப்பலுக்குப் போனோம். சுமார் இருபது பையன்கள் இருந்தார்கள். எல்லோரும் காக்கி நிக்கர், மொட்டை அடித்த மாதிரி கிராப்பு. அவர்களுக்குப் பாடம் சொல்ல ஒரு மாஸ்டர், கழுத்தில் விசில் கட்டிக்கொண்டு. வத்தல் மூட்டை அடுக்கின அடித்தட்டில் பலகை போட்டுப் பையன்கள் படுக்க இடம் பண்ணியிருந்தார்கள். நான் ஏணியில் இறங்கினதும் எங்கள் ஊர் நெடி முகத்தில் அடித்தது. எத்தனை வருஷத்து வத்தல்! மரத்துக்குள்ளேயே ஊறிவிட்டிருந்தது. பையன்கள் தும்மிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தன் நிறுத்தினால் ஒருத்தன் ஆரம்பிப்பான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒன்று அந்த நெடிதான்.

சுண்ணாம்பு அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, வேப்பிலைப் புகை போட்டு, அப்பா ஒரு மாசமாக அந்த நெடியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"கமிட்டிக்காரங்க புதன்கிழமை வாராங்க அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். "பாயை ஏத்திக் காட்டணும், கீழ எறங்கிப் பார்ப்பாங்க. இந்த நெடி போகலேன்னா கப்பலே வேண்டாம்னு எந்திரிச்சிப் போயிருவாங்க. இன்னும் கையெழுத்து ஆகல, ஞாபகம் வச்சுக்கிடும்."

"போயிரும் சார். நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அப்பா.

கப்பலே வேண்டாம் என்கிற அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நான் சோற்றுப் பானை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். பையன்களிலேயே சின்னவன் ஒருத்தனுக்குக் காய்ச்சல். வீட்டை நினைத்து அழுதுகொண்டு சாப்பிடாமல் கிடந்தான். அப்பா கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊதி, "ஒரு வாய் குடிய்யா, எஞ்சாமில்ல" என்று அவன் வாயில் வைத்தார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அப்பா கடலில் இருந்தார்.

புதன்கிழமை காலையில் மாஸ்டர் பையன்களைக் குளிக்கக் கூட்டிப் போனார். அப்பா மேலே சமையலில் இருந்தார். பெரிய பாயை மடிப்பு மடிப்பாக மடித்து அடித்தட்டில் வைத்திருந்தார்கள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெளியில் தூவினால் தெரிந்துவிடும் என்கிற புத்தி எனக்கு இருந்தது. பாயின் ஒவ்வொரு மடிப்பையும் தூக்கி, கை கையாக வத்தல் பொடியை உள்ளே போட்டு மறுபடி மூடினேன். கமிட்டிக்காரர்கள் கீழே வருவார்கள், நெடி அடிக்கும், வேண்டாம் என்று போய்விடுவார்கள், அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கு அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பாயைத்தான் மேலே கொண்டுபோய் ஏற்றப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கை எரிய ஆரம்பித்துவிட்டது. மயில்துத்தப் பசையில் வெடித்த விரல் இல்லையா, வெடிப்பு வெடிப்பாக எரிந்தது. கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துப் பார்த்தார். டப்பாவைத் திறந்து விளையாடியிருப்பேன் என்று நினைத்திருப்பார். தேங்காய் எண்ணெயை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவினார். "கண்ணுல வச்சிராத தாயி" என்று மட்டும் சொன்னார்.

கமிட்டிக்காரர்கள் நாலு பேர் வந்து கப்பலின் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். குடிக்கக் கலர் கொடுத்தார்கள். மாஸ்டர் விசில் ஊதினார். பாயை மேலே கொண்டுவந்து கட்டி, பையன்கள் வரிசையாக நின்று குரல் கொடுத்துக் கயிற்றை இழுத்தார்கள். பாய் மடிப்பு மடிப்பாகப் பிரிந்து மேலே போனது. அது போவதைப் பார்க்க அழகாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் போனதும் காற்று வந்து பாயை ஒரு உதறு உதறியது.

சிவப்பாக ஒரு மேகம்.

நான் கொடியைப் பார்த்தேன். கொடி நாற்காலிகள் இருந்த பக்கம் பறந்தது. வத்தல் பொடியும் அந்தப் பக்கமே போனது. சித்தப்பாவின் படத்தில் என்ன தப்பு என்று அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

கண்ணைப் பொத்திக்கொண்டு பையன்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். பாயின் மேல்கட்டை சடசடவென்று இறங்கித் தளத்தில் மோதியது. காய்ச்சல்காரப் பையன் கயிற்றைச் சுருட்டுவதற்காக அங்கேதான் குனிந்திருந்தான். ஒரு முழம் தள்ளி விழுந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கத்தினான். அப்பா ஓடிப்போய் அவனைத் தூக்கினார். தூக்கும்போது திரும்பி என்னைப் பார்த்தார். எண்ணெய் தடவின என் கையைப் பார்த்தார்.

கமிட்டியில் ஒரு தடித்த மனுஷர் பத்துப் பதினைந்து தும்மல் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "விருதுநகர் வத்தல் ஏத்தின கப்பல்னு சொன்னாங்க. பொய் இல்ல!" என்றார். கூட வந்தவர்களும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணைக் கழுவிவிட்டு அன்றைக்கே கையெழுத்தும் போட்டார்கள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "பாய்க்குள்ள பொடி எப்படிய்யா போச்சு?" என்றார்.

"நாந்தான் சார். டப்பா கவுந்து கொட்டிருச்சு. உதற நேரமில்லாம மடிச்சு வச்சுட்டேன்" என்றார் அப்பா.

"இம்புட்டு வருசம் சரக்குப் பாத்த ஆளு நீரு."

"ஆமா சார்."

"அந்தக் கட்ட பையன் மண்டையில எறங்கியிருந்தா?"

"ஆமா சார்" என்றார் அப்பா மறுபடியும்.

மறுநாள் நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம். கப்பலை வாங்கிக்கொண்டார்கள், அப்பாவை வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் கும்பிட்டது வேறு வழியாகப் பலித்துவிட்டதாக நினைத்தேன். ரயிலில் அப்பாவின் டிரங்குப் பெட்டி மேலே இருந்தது. துண்டில் கட்டின இரண்டு தட்டும் வழி முழுக்கக் கிணுங்கிக்கொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். மணியாச்சியில் மட்டும், "கை எரிச்சல் போயிருச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன்.

அந்த இரண்டு தட்டையும் சித்தியிடம் கொடுத்தார். "இது எதுக்குத்தான்?" என்றாள். "பிள்ளைகளுக்கு ஆகும்" என்றார்.

பிறகு விருதுநகரில் ஒரு வத்தல் குடோனில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. பெண் பிள்ளையை வைத்துக்கொள்ள இடம் இல்லை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். கப்பலில் இருந்தபோது வந்த மாதிரியேதான். கடல் நடுவில் இல்லை என்பதுதான் வித்தியாசம். வந்தால் என் தலையில் கை வைப்பார். "வந்துருவேன்" என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டு முழு நேரமும் பெட்டி ஒட்டினேன். கொடி தப்பாகப் பறக்கிற கப்பல் இன்னும் சில வருஷம் வந்துகொண்டிருந்தது. புதுத் தட்டு இரண்டும் வீட்டுத் தட்டுகளோடு கலந்துவிட்டன. எது வந்ததோ அதில் சாப்பிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரர் சாத்தூரில் ஒரு வாடகை வீட்டைக் காட்டக் கூட்டிப் போனார். அடுப்படியைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், "வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். நான் நின்ற இடத்தில் அழுதுவிட்டேன். அடுப்படி சின்னது என்று அழுகிறேன் என அவர் நினைத்துக்கொண்டு, வேறு வீடு பார்க்கலாம் என்றார். அந்தப் பத்து நாள் வீட்டுக்கு இரண்டு தட்டு எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல அப்பாவிடம் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் இறந்துபோகும்வரை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இதில் கப்பல் விவரம் எனக்குச் சரியாகத் தெரியாது. எந்தக் குளிர்தேசம், மூன்றாவது பெயர் என்ன, பையன்கள் எத்தனை வருஷம் அதில் படித்தார்கள், கடைசியில் உடைத்தார்களா என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். அந்தக் காய்ச்சல்காரப் பையன் யாரென்று தெரிந்தால், தப்பு அண்ணாச்சியுடையது இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும். துறைமுகத்துப் பின்தெருவில் நீலக் கதவு வீடு இன்னும் இருந்தால், பின்னறை ஜன்னலில் நின்று பார்த்தால் கப்பல் நின்ற இடம் தெரிகிறதா என்றும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். தெரியும் என்று அப்பா சொன்னார். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.